பெங்களூரில் ஷெங்கன் விசா: லாங்ஃபோர்டு டவுன் மையத்தில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஷெங்கன் விசா என்பது பிரான்ஸ், சுவிட்சர்லாந்து உள்பட பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா. லாங்ஃபோர்டு டவுனில், ஓ ஷாக்னஸி ரோட்டில் உள்ள வி.எஃப்.எஸ். என்ற தனியார் நிறுவனத்தின் மையத்தில் யாரும் விசா தருவதில்லை. தாள்களை வாங்கி, கைரேகை பதிந்து, தூதரகத்துக்கு அனுப்பி, பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரும் இடம் அது. கிட்டத்தட்ட ஒரு தபால் ஆபீஸ். இது தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

ஓசூர், சேலம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சாந்திநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். கார் வேண்டாம், நிறுத்த இடம் தேடியே ஸ்லாட் (முன்பதிவு செய்த நேரம்) போய்விடும்.

விசா கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 6 முதல் 12 வயதுக்குள் 45, ஆறு வயதுக்குக் கீழே கிடையாது. இதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம். நிராகரித்தாலும் பணம் திரும்பாது. பிரீமியம் லவுஞ்ச் எடுத்தால் சோபா கிடைக்கும், விசா ஒரு நாள்கூட முன்னால் வராது. எஸ்.எம்.எஸ். சேவையும் வேண்டாம், நிலவரத்தை இணையத்திலேயே பார்க்கலாம். போட்டோவை வெளியே எடுத்துவிடுங்கள்: 35 x 45 மி.மீ., முகம் 70–80 சதவீதம், ஆறு மாதத்துக்குள் எடுத்தது. வெளியூர்க்காரர்களுக்குக் கூரியர் மட்டும் லாபம்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாள், இழுத்தால் 45. மே விடுமுறைக்குப் போகிறவர்கள் ஜனவரியிலேயே ஸ்லாட் பிடிப்பது நல்லது.

உண்மையான வேலை ஃபைலில்தான். பாரிஸில் 4 இரவு, சுவிட்சர்லாந்தில் 5 இரவு என்றால் சுவிஸ் விசாதான் கேட்க வேண்டும். இரண்டும் சமமானால் முதலில் இறங்கும் நாடு. ஸ்லாட் கிடைத்த நாட்டில் விண்ணப்பித்துவிட்டு ஹோட்டல் புக்கிங்கை அதற்கேற்ப வளைப்பவர்கள் உண்டு. ரயில் டிக்கெட்டோ விமான டிக்கெட்டோ காட்டிக் கொடுத்துவிடும்.

வங்கி ஸ்டேட்மென்ட்டை இணையத்தில் இறக்கி அப்படியே நீட்டாதீர்கள், கிளையில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென 3 லட்சம் வந்து விழுந்திருந்தால், மாமனாரிடம் கைமாற்று என்றே அதிகாரி நினைப்பார். எஃப்.டி. முடிந்த பணம் என்றால் அதன் ரசீதையும் வையுங்கள். ஆபீஸ் விடுப்புக் கடிதத்தின் தேதியும் டிக்கெட் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும். திரும்பும் விமானம் தாமதமாகலாம். ஒரு நாள் கூட்டியே எடுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய தலைவலி இனிஷியல். வங்கியில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், இல்லையென்றால் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. டிக்கெட், இன்ஷூரன்ஸ், படிவம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போட்டு, வங்கிப் பெயர் ஏன் வேறு என்று முகப்புக் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஊர் முகவரி இருந்து குடியிருப்பு பெங்களூரானால் வாடகை ஒப்பந்தமோ கேஸ் பில்லோ கையில் இருக்கட்டும்.

பழைய பாஸ்போர்ட்டை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். கைரேகை கொடுத்து 59 மாதம் ஆகவில்லையென்றால் பொதுவாக மறுபடி பதிய வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசாக்களை முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு ஆண்டுப் பலமுறை விசா கிடைக்க வழி உண்டு. பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டியுள்ள விசா ஸ்டிக்கர்கள்தான் அதற்குச் சாட்சி.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் கவரைப் பிரித்து ஸ்டிக்கரைப் படியுங்கள். பெயர், எத்தனை முறை நுழையலாம், தேதிகள். அதற்குப் பக்கத்தில் தங்கும் நாட்கள் தனியாக இருக்கும். செல்லுபடி 27 நாள், தங்க அனுமதி 12 நாள் என்றால், கணக்கு 12தான்.