காருக்கு ஸ்பிரிங் வாங்கி 78,500 ரூபா போனது. வன்னியில் கார் வைத்திருக்கும் தம்பிமார் கவனம்

நேற்றுப் பின்னேரம் கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திப் பக்கம் உள்ள கராஜில் என் காரை ஜாக்கியில் தூக்கினோம். பின் இடது சில்லு கீழே தொங்கியது. கராஜ் அண்ணை உள்ளே கையை விட்டு ஸ்பிரிங்கைப் பிடித்தார். அப்படியே வெளியே எடுத்து என் கையில் தந்தார். ஒரு நட்டுக்கூடக் கழற்றவில்லை. அந்த ஸ்பிரிங்கோடு நான் 19 நாள் ஓடியிருக்கிறேன். அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரையும் பின்சீற்றில் இருத்திக்கொண்டு பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் ஓடியிருக்கிறேன். இரவு நித்திரை வரவில்லை. அதுதான் விடிந்ததும் எழுதுகிறேன்.

போன காசு 78,500 ரூபா. ஒரு கலியாண வீடும் ஒரு சாமத்திய வீடும் படம் எடுத்துச் சேர்த்த காசு.

கார் 2011 ஹொண்டா சி.ஆர்.இசட். இரண்டு கதவுக் கார், ஹைபிரிட், ஆறு கியர் மனுவல். 2023இல் வவுனியாவில் ஒருவரிடம் வாங்கினேன். வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் அது, பழைய கார் எதைத் தொட்டாலும் நெருப்பு விலை. இருந்தும் இந்தக் காரை ஆசைப்பட்டு வாங்கினேன். இதில் எனக்கு இருந்த ஒரே குறை, ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் நாலு விரல் போகிற இடைவெளி. காரின் உயரத்தைக் குறைத்துக் கொஞ்சம் பதித்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும், வளைவில் சாய்வதும் குறையும். ஏ9 வீதியில் இரவில் கலியாண வீடு முடித்து வரும்போது அதை நினைத்துக்கொண்டே வருவேன்.

நான் ஒன்றும் தெரியாமல் போய் விழவில்லை. இரண்டு மாதம் படித்தேன். காரைப் பதிக்க மலிவான வழி, இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டுவது. எங்கள் ஊரில் எந்தக் கராஜிலும் கிரைண்டரால் பத்து நிமிடத்தில் வெட்டித் தருவார்கள். நான் அதை வேண்டாம் என்றுதான் இருந்தேன். சுற்றைக் குறைத்தால் ஸ்பிரிங் இறுகும் என்பது சரி, ஆனால் அது எவ்வளவு இறுகும் என்று அளந்து செய்வதில்லை. வெட்டிய நுனி அதன் இருக்கையில், அதாவது ஸ்பிரிங் அமரும் இடத்தில், சரியாக இராது. சிலர் நெருப்புப் பிடித்துச் சூடாக்கி இறக்குவார்கள், அதில் இரும்பின் பதம் போய், நாளாக நாளாகத் தொய்யும். பதிப்பதற்கென்றே செய்யும் நல்ல ஸ்பிரிங் உயரத்தில் கட்டை, ஆனால் இறுக்கம் கூட. பள்ளத்தில் விழும்போது அடியில் முட்டாமல் தாங்க வேண்டுமே. சில்லு முழுதாகத் தொங்கினாலும் இருக்கையை விட்டு விலகாத அளவு நீளமும் இருக்க வேண்டும். எங்கள் காரில் இது இன்னும் முக்கியம். பின்பக்கத்தில் ஸ்பிரிங் வேறு, ஆட்டத்தை அடக்குகிற ஷொக் வேறு. ஷொக்கோடு சேர்த்துப் பூட்டியதல்ல, பாரம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஹைபிரிட் பற்றரியின் பாரமும் பின்னாலேதான்.

இவ்வளவும் தெரிந்துதான் ஒழுங்கான ஸ்பிரிங் வாங்கத் தேடினேன். முகநூலில் பக்கம் வைத்து, கொழும்பில் இருந்து பாகங்கள் அனுப்பும் ஒரு விற்பனையாளர். பெயர் போடவில்லை. ஜப்பான் கொம்பனி ஒன்றின், காரை 30 மில்லிமீற்றர் பதிக்கிற ஸ்பிரிங், நாலும் புதிது என்று போட்டிருந்தார்.

நான் முதலில் கேட்டது கொயில்ஓவர், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பிரிங்–ஷொக் செட். அதன் விலை இதைப்போல மூன்று மடங்கு. அவர் குரல் பதிவு அனுப்பினார். "அண்ணா, உங்கட ரோட்டு எனக்குத் தெரியும். எங்கட அம்மா முள்ளியவளைதான். அந்தக் கிரவலுக்கு கொயில்ஓவர் வேணாம், காசு வீண். 30 மில்லி ஸ்பிரிங் எடுங்க, போதும்." பிறகு, காரின் மொடல் இலக்கம் இசட்.எஃப்.1 ஆ, 2 ஆ என்று கேட்டார். 2012 கடைசியில் வந்த இசட்.எஃப்.2இல் பற்றரி வேறு. இதைக் கேட்கத் தெரிந்த ஆளுக்குத் தொழில் தெரியும் என்று நினைத்தேன். விலை கூடியதை வேண்டாம் என்று சொன்னவர் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன். எங்கள் முல்லைத்தீவுப் பக்கத்து ஊரான முள்ளியவளை என்ற ஒரு சொல்லோடு எனக்கு மனம் முழுதாக இளகிவிட்டது. அந்தக் குரல் பதிவை இப்போதும் அழிக்கவில்லை. கேட்கக் கேட்கப் பற்றி எரிகிறது.

விலை 83,500. பழைய ஸ்பிரிங் நாலையும் திருப்பி அனுப்பினால் 5,000 குறைப்பேன் என்றார். ஆகவே 78,500. முழுவதையும் வங்கிக் கணக்கில் முன்னுக்கே போட்டேன். மூன்றாம் நாள் பார்சல் வந்தது. கொம்பனிப் பெட்டி இல்லை, பிஸ்கட் பெட்டி ஒன்றில் கடதாசி சுற்றி வந்தது. "கஸ்டம்ஸில் உடைச்சுட்டாங்க அண்ணா" என்றார். சரி என்றேன்.

கராஜ் அண்ணை பூட்ட முன்பே சொன்னார். "தம்பி, இந்த நுனியைப் பாரும். கொம்பனி ஸ்பிரிங் இப்பிடி முடியாது." நான் அங்கிருந்தே கொழும்புக்கு அழைத்தேன். "அது புது டிசைன் அண்ணா, பழைய பாஸ்மாருக்குத் தெரியாது" என்றது குரல். இருபது வருடமாகக் கார் பழுது பார்க்கிற மனிதர் என் முன்னால் நிற்கிறார், நான் போனில் இருக்கிறவனை நம்பினேன். அண்ணையிடம் நேற்று மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் வாங்கித் தந்தார்.

பூட்டிய அன்றே முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். காரின் நிற்பு அவ்வளவு அழகாக இருந்தது. நாலாம் நாள் விசுவமடுவில் எங்கள் ஒழுங்கைக்குள் இறங்கும்போது பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒவ்வொரு பள்ளத்துக்கும் சத்தம். வேகத்தடை ஏறினால் அடியில் இரும்பு முட்டுவது முதுகில் தெரிந்தது. பத்தாம் நாள் அளந்து பார்த்தேன், முன் வலது பக்கம் இடதைவிட 9 மில்லிமீற்றர் பதிந்திருந்தது.

அழைத்தேன். "செட்டாக ரெண்டு கிழமை வேணும் அண்ணா." திரும்ப அழைத்தேன். "உங்கட பாஸ் பிழையாப் பூட்டியிருக்கிறார்." படம் அனுப்பினேன். இரண்டு நீலச் சரி விழுந்தது, பதில் இல்லை. அடுத்த நாள் ஒரு பிள்ளை எடுத்து, "அவர் லீவு" என்றார். அதற்கு அடுத்த நாளும் லீவு. பிறகு ஒரு வரி வந்தது: "பூட்டின சாமானுக்கு ரிட்டர்ன் இல்ல." 78,500 ரூபாவுக்கு எனக்குக் கிடைத்த பதில் அது. பக்கத்தில் போய்க் கருத்து எழுதினேன், ஐந்து நிமிடத்தில் அழித்து என்னையும் தடுத்துவிட்டார்கள். அக்காவின் போனில் இருந்து எடுத்தேன். "ஹலோ" என்றார். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார்.

நேற்று அண்ணை கழற்றிய ஸ்பிரிங்கின் கறுப்புப் பெயின்டைக் கத்தியால் சுரண்டினார். கீழே வெள்ளைப் பொட்டு ஒன்று. கார் கொம்பனி தன் ஸ்பிரிங்கில் அடையாளத்துக்கு வைக்கிற பெயின்ட். நுனியில் கிரைண்டர் கீறல், அதற்கு மேல் சூடுபட்ட நீல நிறம். நாலும் அப்படித்தான். யாரோ ஒருவரின் காரில் இருந்து கழற்றிய பழைய ஸ்பிரிங்கை வெட்டி, சூடாக்கி, பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி எனக்கு 78,500க்கு விற்றிருக்கிறார்கள். எதை வேண்டாம் என்று இரண்டு மாதம் படித்தேனோ அதையே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

எப்படி வாங்குவது என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. அவசரமாகச் சிலது. முன்காசு முழுதாகப் போடாதீர்கள். இலக்கம் அச்சடிக்காத ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள், அந்த இலக்கத்தைக் கொம்பனியின் பட்டியலில் உங்கள் காரின் மொடலோடு ஒப்பிடுங்கள். நுனி இரண்டையும் பாருங்கள், சுரண்டிப் பாருங்கள். பூட்டியதும் ஜாக்கியில் தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டு ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டுங்கள், ஆடினால் ஓட வேண்டாம். சில்லுகளின் கோணத்தைச் சரிபார்க்கிற அலைன்மென்ட் தேவையில்லை என்று சொன்னால் அந்த இடத்திலேயே விலகுங்கள். என் முன் ரயர் இரண்டும் உள்பக்கம் தேயத் தொடங்கிவிட்டன. முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. இன்று எடுக்கப் போகிறேன்.

இன்னொன்று, எனக்கு இதுதான் நெஞ்சை அடைக்கிறது. 5,000 ரூபாவுக்காக என் காரின் ஒறிஜினல் ஸ்பிரிங் நாலையும் நான்தான் பார்சல் கட்டி அனுப்பினேன். அது ஏன் அவருக்குத் தேவைப்பட்டது என்று இப்போது விளங்குகிறது. கழற்றும்போது அண்ணை இடம் மாறாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் நடுச்சுற்றில் மஞ்சள் பெயின்டால் எழுதியிருந்தார்: மு.இ, மு.வ, பி.இ, பி.வ. சி.ஆர்.இசட் காருக்குப் புதிது என்று யாராவது ஸ்பிரிங் வாங்கியிருந்தால், தயவுசெய்து நடுச்சுற்றைச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் எழுத்து இருந்தால் அது என்னுடையது, ஓட வேண்டாம், எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள்.

கார் இப்போது கராஜில் கட்டையில் நிற்கிறது. வெட்டாத பழைய இசட்.எஃப்.1 ஸ்பிரிங் செட் யாரிடமாவது இருந்தாலும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வற்றாப்பளையில் ஒரு கலியாணம். கமராப் பையோடு பஸ்ஸில்தான் போக வேண்டும்.