மலையகத்தில் ஸ்பா பூல் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் யாராவது காற்றடைத்து நிறுத்தும் ஸ்பா பூல் வாங்க யோசித்தால், காசைக் கொடுப்பதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். நானுஓயாவுக்குப் பக்கத்தில் விருந்தினருக்கு விடும் இரண்டு அறைகள் எங்களுக்கு இருக்கின்றன. ஏப்ரல் சீசனுக்கு வருகிறவர்கள் குளிரில் இறங்கி உட்கார ஒரு சுடுதண்ணீர்த் தொட்டி இருந்தால் நல்லது என்று கொழும்பில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினோம். மூன்று லட்சத்துக்கு மேல் போனது. அதில் பாதி, மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு.

கடையில் தண்ணீர் நிரப்பி ஓடவிட்டே காட்டினார்கள். கையை விட்டுப் பார்த்தோம், நல்ல சூடு. "எங்கள் ஊர்க் குளிருக்கு இது தாங்குமா?" என்று நேரடியாகவே கேட்டேன். "அண்ணே, இது வெளிநாட்டில் பனிக்குள்ளே வைக்கிற சாமான். காலையில் போட்டால் பின்னேரம் குளிக்கலாம். ராத்திரியில் போட்டால் கரண்டும் மலிவு" என்றார். மூன்றுமே பொய்.

அந்தச் சூடு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் இருக்கிறது. கொழும்பில் தண்ணீரே ஏறக்குறைய 27 பாகையில் இருக்கும். குளிக்கிற சூடு 38 பாகை. ஆக, 11 பாகை ஏற்றினால் போதும். எங்கள் பீலித் தண்ணீர், அதாவது மலை ஊற்றிலிருந்து வருகிற தண்ணீர், விடியற்காலையில் 15 பாகை. அதை 38க்குக் கொண்டுவர 23 பாகை ஏற்ற வேண்டும், அதாவது இரண்டு மடங்கு. ஆயிரம் லீட்டர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 1.16 யூனிட் கரண்ட் வேண்டும்; இதை எந்த மெஷினாலும் குறைக்க முடியாது. எங்கள் தொட்டி 900 லீட்டர். ஒரு துளிச் சூடுகூட வெளியே போகாவிட்டாலும் 24 யூனிட். அதில் இருந்த ஹீட்டரின் பலம் 1.3 கிலோவாட், அதாவது மணித்தியாலத்துக்கு 1.3 யூனிட். வகுத்துப் பாருங்கள், பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் வரும். காலையில் போட்டால் மறுநாள் விடியும்.

மறுநாளும் சூடாகவில்லை. இரவில் காற்று அடிக்க ஆரம்பித்ததும் 31 பாகையில் நின்றுவிட்டது. ஹீட்டர் கொடுக்கிற சூடெல்லாம் மேலாகவும் பக்கவாட்டாகவும் அடிப்பக்கமாகவும் போய்க்கொண்டிருந்தது. கூடக் கொடுத்த மூடி, மெல்லிய பிளாஸ்டிக். ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான சூடு அதோடு போய்விடும். காற்றுள்ள மலை உச்சியில் நல்ல மூடி இல்லாமல் வைத்தால் கரண்ட் பில்லுக்குக் கணக்கே இருக்காது. இதில் குமிழி விடும் பட்டனை அழுத்தினால் ஹீட்டர் தானாக நின்றுவிடும். வெளியிலிருக்கும் குளிர்காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதும். குமிழிக்காகத்தான் விருந்தினர் கேட்பார்கள், அதைப் போட்டால் தண்ணீர் ஆறும்.

பனிக்குள்ளே வைக்கிற சாமான் என்றாரே, பெட்டிக்குள் இருந்த ஆங்கிலக் கையேட்டில் வெளிக்குளிர் 4 பாகைக்குக் கீழே போனால் பாவிக்க வேண்டாம் என்று அச்சடித்திருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி விழும் காலைகள் எத்தனை என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கையேட்டைப் பணம் கட்டிய பிறகுதான் கையில் கொடுத்தார்கள்.

ராத்திரிக் கரண்ட் மலிவு என்பதும் சாதாரண வீட்டு மீட்டருக்குப் பொருந்தாது. அது நேரம் பார்ப்பதில்லை, மாதத்துக்கு எத்தனை யூனிட் என்றுதான் பார்க்கும். 180 யூனிட்டைத் தாண்டினால் ஆக உயர்ந்த விலை. இந்த ஹீட்டர் விடாமல் ஓடினால் ஆறே நாளில் தனியாக அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

இதுவரை சொன்னது காசு நட்டம். அப்புறம் வந்தது உயிர் விஷயம். பூட்ட வந்த பையன் ஒரு கனமான டிரான்ஸ்போமரையும் இறக்கி, தொட்டிக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே வைத்தான். "இது எதற்குத் தம்பி?" என்றால், "கரண்டை மிச்சப்படுத்த" என்றான். சூடு வராததால் எங்கள் ஊர் வயரிங் பாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பம்ப் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். கீழே இன்னொரு ஸ்டிக்கர். மேலே இருந்ததில் 230 வோல்ட், கீழே இருந்ததில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த சாமான். நம் நாட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போமர் வோல்டைக் குறைக்கும், ஹேர்ட்ஸை, அதாவது கரண்ட் விநாடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்பதை, மாற்றாது. மோட்டார் மெதுவாகச் சுற்றிச் சூடேறும். அதைவிட மோசம், கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பி டிரான்ஸ்போமரோடு நின்றுவிட்டது, தொட்டிப் பக்கம் போகவே இல்லை. தண்ணீருக்குள் ஆட்கள் இறங்கும் இடம் அது. என் மகளின் பிள்ளைகள் முதல் நாளே இறங்கி விளையாடியிருந்தார்கள். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

விற்பனையாளருக்குப் போன் பண்ணினால் முதலில் நல்ல மரியாதை. "அடுத்த கிழமை டெக்னீஷியன் வருவார் அண்ணே." அடுத்த கிழமை லொறி இல்லை. பிறகு டெக்னீஷியனுக்குச் சுகமில்லை. கடைசியில், "உங்கள் ஊர்க் குளிருக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று வைத்துவிட்டார். இந்த இழுத்தடிப்பைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குச் செய்யும் முறைப்பாட்டை, பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நல்ல வார்த்தை சொல்லிச் சொல்லி அந்த மூன்று மாதத்தைக் கடத்தத்தான் பார்க்கிறார்கள். முதல் போனில் சரிவரவில்லை என்றால் அன்றே கடிதத்தைப் பதிவுத் தபாலில் போடுங்கள். விவரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பில்லும் கட்டாயம் வேண்டும். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. எனக்குத் தந்த பில்லில் "ஸ்பா பூல் 1" என்று மட்டும்தான் இருந்தது. உங்கள் பில்லில் எத்தனை லீட்டர், ஹீட்டர் எத்தனை கிலோவாட், எத்தனை வோல்ட் என்று எழுத வையுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மலையகத்தில் இதைக் கட்டுப்படியாக நடத்தவே முடியாது என்று நான் சொல்லவில்லை. 230 வோல்ட்டுக்கே செய்த, 2 கிலோவாட்டுக்குக் குறையாத ஹீட்டர் வேண்டும். அடியில் ரிஜிபோம் (இலேசான வெள்ளை நுரை) பலகை, மேலே தடித்த போம் மூடி, காற்று வரும் பக்கம் மறைப்பு. முதல் நிரப்பலுக்குச் சூரிய ஹீட்டர் தண்ணீரோ, டர்பன்டைன் மர விறகில் காய்ச்சிய தண்ணீரோ ஊற்றினால் யூனிட் நிறைய மிஞ்சும். கிழமைக்கு ஒருநாள்தான் ஆள் வரும் என்றால் இடைநாட்களில் சூட்டை அணைத்துவிடுவதுதான் லாபம். தனி வயர், எர்த், கரண்ட் கசிந்தால் தானாக அணையும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் மூன்றும் இல்லாமல் ஆளை இறக்காதீர்கள். குளோரின் சோதனைத் தாளும் வாங்குங்கள். சூடான தண்ணீரில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துபோகும். 3 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் மூன்று பங்கு) கீழே விடக்கூடாது. எங்களுக்கு விற்றவர் கிழமைக்கு ஒரு கரண்டி போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

என் முறைப்பாடு, இரண்டு ஸ்டிக்கர்களின் படத்தோடு போய்விட்டது. இதே மாதிரி டிரான்ஸ்போமரோடு யாருக்காவது வந்திருந்தால், இன்றைக்கே பிளக்கைக் கழற்றிவிட்டுப் பம்ப் பெட்டியின் அடியைப் பாருங்கள்.