‘போய் இறங்கினா போதும்’ பேக்கேஜ்: வட சென்னைக்காரர்கள் கவனத்துக்கு

என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு துபாயில் வேலை கிடைத்தது. வேலையில் எந்த வில்லங்கமும் இல்லை. கம்பெனியே விசா எடுத்து டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தது. பணம் போனது அதற்கு அடுத்த கட்டத்தில், அதாவது குடும்பத்தை அங்கே குடிவைக்கும் வேலையில். வேலைக்கு ஏமாற்றும் ஏஜென்ட்டுகளைப் பற்றி ஊரே பேசுகிறது. இந்த இரண்டாம் ரகத்தைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வெளிநாடு கிளம்பும் குடும்பங்கள் நிறைய இருப்பதால் எழுதுகிறேன். புகார் நடப்பில் இருப்பதால் பெயர் சொல்ல முடியாது.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், துணிக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். “நீங்க டென்ஷனே ஆவாதீங்கண்ணே, ஃபேமிலி போய் இறங்கினா போதும், மீதி எல்லாம் நம்ம ஆளுங்க பாத்துக்குவாங்க” என்றார் அங்கே இருந்தவர். கல்யாணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் அட்டெஸ்டேஷன் (வெளிநாட்டில் செல்லும்படி வாங்கும் அரசு முத்திரைகள்), துபாயின் அல் குசைஸ் பகுதியில் முன்பணம் கட்டிய வீடு, சாமான் அனுப்புவது, எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய். கையில் கொடுத்தது ஒரு எஸ்டிமேட் தாள். ஜிஎஸ்டி எண் கிடையாது. எந்த வேலைக்கு எவ்வளவு என்ற பிரிப்பும் கிடையாது. பணம் ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்குப் போனது.

மாப்பிள்ளை முதலில் போனார். கொஞ்ச நாளில் தங்கச்சியும் குழந்தையும் விசிட் விசாவில் போனார்கள். அங்கே மனைவியை ஸ்பான்சர் செய்ய, அதாவது தன் பொறுப்பில் குடும்ப விசா எடுக்க வேண்டுமென்றால் சம்பளம் 4,000 திர்ஹாம் இருக்க வேண்டும், அல்லது 3,000 திர்ஹாமோடு கம்பெனி தங்குமிடம் தர வேண்டும். அது சரியாகத்தான் இருந்தது. கல்யாணச் சான்றிதழில் மாட்டிக்கொண்டது. ஐக்கிய அரபு அமீரகத்தின் வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்பியதும், தூதரக முத்திரை செல்லாது என்று திருப்பிவிட்டார்கள்.

தங்கச்சி அந்தச் சான்றிதழின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். மாநில அரசின் முத்திரையும் நம் வெளியுறவு அமைச்சகத்தின் டெல்லி முத்திரையும் ஒரே ஊதா மையில், ஒரே அழுத்தத்தில் இருந்தன. இரண்டு கையெழுத்துக்கும் அடியில் ஒரே ஆள் எழுதியது போன்ற தேதி. மாநில அரசு முத்திரையில் இருந்த தேதி மாட்டுப் பொங்கல்! அன்றைக்கு எந்த அரசு அலுவலகம் திறந்திருக்கும்? அங்கிருந்தே என் கை நடுங்க ஆரம்பித்தது. ஏனென்றால் அந்த நாட்டில் போலி முத்திரையோடு ஒருவர் நிற்பது சாதாரண விஷயமில்லை. நல்லவேளை, திருப்பியதோடு விட்டார்கள்.

இந்த அட்டெஸ்டேஷன் எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் மாநில அரசு, அப்புறம் நம் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அமீரகத் தூதரகம், கடைசியாக அங்கே உள்ள வெளியுறவு அமைச்சகம். நம் அமைச்சகம் பொதுமக்களிடம் நேராக வாங்காது, தான் நியமித்த நிறுவனங்கள் வழியாகத்தான் வாங்கும். அந்தப் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. உங்களிடம் பேசுகிற ஆள் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அவர் இடைத்தரகர்தான். ஒரிஜினலைக் கொடுக்கும் முன் பட்டியலைப் பாருங்கள். “அப்போஸ்டில் போட்டுட்டா எல்லா நாட்டுக்கும் செல்லும்” என்றும் சொல்வார்கள். அப்போஸ்டில் என்பது ஒரு சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் ஏற்கும் ஒரே சான்று முத்திரை. சவுதி, ஓமன், பஹ்ரைன் அதை ஏற்கும். அமீரகம் அந்த ஒப்பந்தத்திலேயே இல்லை. அப்போஸ்டிலுக்கு அரசு வாங்கும் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டுக் கதை இன்னும் மோசம். கிரானைட் மேடை, ஜன்னலில் பச்சைத் திரை என்று சமையலறை படம் அனுப்பியிருந்தார்கள். போய் இறங்கிய அன்று அந்தக் கட்டட வாட்ச்மேன், அந்த ஃப்ளாட்டில் பல வருடமாக ஒரு குடும்பம் இருக்கிறது, காலியாகவே இல்லை என்று சொல்லிவிட்டார். ராத்திரி நேரம், கைக்குழந்தை, நாலு பெட்டி. மாப்பிள்ளையின் கூட வேலை செய்யும் ஒரு மதுரைக்காரர் தன் வீட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார். அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

துபாயில் வாடகை ஒப்பந்தம் ‘எஜாரி’ என்ற அரசுப் பதிவு முறையில் பதிவாக வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தை வைத்துக் குடும்ப விசா வேலை நகராது. வீட்டு விளம்பரத்துக்கே நிலத்துறையின் அனுமதி எண் வேண்டும், ‘துபாய் ரெஸ்ட்’ செயலியில் புரோக்கரையும் சரிபார்க்கலாம். மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு ஃப்ளாட் என்றால் 2,000 திர்ஹாம் டெபாசிட் தனி. இது எதையும் சென்னையில் உட்கார்ந்துகொண்டு முன்பணமாகக் கட்டத் தேவையே இல்லை. முதல் மாதம் தெரிந்தவர் வீட்டிலோ சின்ன வாடகை அறையிலோ இருந்து, கண்ணால் பார்த்து எடுங்கள்.

இன்னொன்று, இதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. எடுத்துப்போக வேண்டிய சாமான் என்று அவர்கள் கொடுத்த பட்டியலில் மசாலாப் பொருட்களோடு கசகசாவும் இருந்தது. அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை, போதைப்பொருள் சட்டத்தில் வரும். அம்மா பொட்டலம் கட்டும்போதே பக்கத்து வீட்டு அக்கா பார்த்து எடுத்துவிட்டார். இருமல் மருந்தில் கோடீன் இருந்தாலும் அதே கதிதான், டாக்டர் சீட்டு இருந்தால்கூட முன் அனுமதி கேட்கும் மருந்துகள் உண்டு. சாமான் அனுப்புவதாகச் சொன்ன பெட்டிகளும் போகவில்லை. அவர்கள் குடோனிலேயே கிடந்தன, சண்டை போட்டுத் திரும்ப எடுத்தோம்.

விசிட் விசா நாள் தாண்டினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம். அதனால் தங்கச்சியும் குழந்தையும் திரும்பி வந்தார்கள். திருமணம் திருவொற்றியூர் கோயிலில் நடந்து முறையாகப் பதிவானதால், பதிவுத்துறையிடமிருந்து புதிய சான்றிட்ட நகல் எடுத்தோம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொண்டோம். சான்றிதழில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால் அதையும் இங்கேயே சரிசெய்துவிடுங்கள், அங்கே போய் அலைய முடியாது. எல்லா முத்திரையும் முறைப்படி வாங்கி, இப்போது தங்கச்சி அங்கே குடும்ப விசாவில் இருக்கிறாள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போயிருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த விவகாரம் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். இதே மாதிரி பேக்கேஜுக்குப் பணம் கட்டியவர்கள் ஜிபே விவரம், வாட்ஸ்அப் பேச்சு, அந்த எஸ்டிமேட் தாள் எதையும் அழிக்காதீர்கள். எங்கள் மனுவில் இணைத்ததும் அவ்வளவுதான்.