அல்சூரில் ஒரு ‘டிஜிட்டல் வகுப்பு’: 1,200 ரூபாய்க்குக் கிடைப்பது என்ன?

பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அல்சூர், மர்பி டவுன் பகுதிகளில் மாலை நேர டியூஷன் மையங்களுக்குக் குறைவே இல்லை. அவற்றுள் ‘டிஜிட்டல் வகுப்பு’ என்று பலகை மாட்டியிருக்கும் ஒரு மையத்தில், ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகளைச் சேர்த்து ஒரு கல்வியாண்டு முடியப்போகிறது. மாதக் கட்டணம் 1,200 ரூபாய். வாரத்தில் ஐந்து மாலைகள் வகுப்பு நடக்கிறது. கொடுக்கும் பணத்துக்குப் பயன் உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்வேன். ஆனால் அந்தப் பயன் வருவது பலகையில் பெரிதாக எழுதப்பட்டிருக்கும் வசதியிலிருந்து அன்று. மையத்தை நடத்துபவர்கள் சேர்க்கையின்போது ஒரு வார்த்தைகூடப் பேசாத வேறொன்றிலிருந்து.

மையத்தின் டேப்லெட்டுகளில் இரண்டு செயலிகள் இருக்கின்றன. ஒன்று, தனியார் நிறுவனம் ஒன்றிடமிருந்து மையம் சந்தா கட்டி வாங்கியது. வண்ணப்படங்களும் புள்ளிகளும் பதக்கங்களும் வாராந்தர அறிக்கையும் அதில் உண்டு. மற்றொன்று, யாரும் காசு கொடுக்கத் தேவையில்லாத தீக்‌ஷா. 2017 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் தினத்தில், அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் வெங்கய்ய நாயுடு தொடங்கி வைத்த இந்தத் தேசியக் கல்வித் தளம் சன்பேர்ட் என்னும் திறந்த மூல மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. சன்பேர்டை உருவாக்கியதோ நந்தன் நிலேகணி, ரோகிணி நிலேகணி, சங்கர் மருவாடா ஆகியோர் நிறுவிய, இதே பெங்களூரைச் சேர்ந்த எக்ஸ்டெப் அறக்கட்டளை. நம் ஊர்க்காரர்கள் செய்த பொருள் என்பதை இங்குள்ள பெற்றோர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது ஐயமே.

தீக்‌ஷாவின் மையக் கருத்து மிக எளியது. பாடநூலின் பக்கத்தில் ஒரு க்யூஆர் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். அதைச் செயலியால் படித்தால் அந்தப் பாடத்துக்குரிய காணொளியோ பயிற்சியோ திறக்கும். பாடப்பகுதிகளைப் பார்க்கக் கணக்குத் தொடங்கத் தேவையில்லை. ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். மழைக்காலத்து மாலைகளில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போய்விடும் எங்கள் தெருவில் இந்த வசதியின் அருமை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி மையம் பேசாத அந்தப் பொருளுக்கு வருகிறேன். அறிவியல் சொல்லித்தரும் மிஸ், தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் தமிழ்வழிப் புத்தகங்களை ஓசூரிலிருந்து வாங்கி வந்து அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார். என் மகள் படிப்பது கர்நாடக அரசுப் பாடத்திட்டம், ஆங்கிலவழி. ஒளிச்சேர்க்கைப் பாடத்தை ஆங்கிலத்தில் அவள் மனப்பாடமாக ஒப்பித்தபோது, மிஸ் அதை ஏற்றுக்கொள்ளாமல் அலமாரியிலிருந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்து அதே பகுதியைத் திறந்தார். பல கைகள் பட்டுத் தேய்ந்த அந்தப் பக்கத்தில் க்யூஆர் குறியீடு மங்கியிருந்ததால் கேமராவுக்குப் பிடிபடவில்லை. அவர் அலட்டிக்கொள்ளாமல், குறியீட்டுக்குக் கீழே இருக்கும் ஆறெழுத்துச் சங்கேதத்தைத் தட்டச்சு செய்தார். தமிழ்க் காணொளி ஓடியது. இலைக்கு உணவு மண்ணிலிருந்தே முழுவதும் வருகிறது என்று அதுவரை எண்ணிக்கொண்டிருந்தவள், “அப்படியென்றால் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறதா, மிஸ்?” என்று கேட்டாள். அன்றிரவு அதே காணொளியைத் தர்மபுரியில் தமிழ்வழியில் படித்த என் மனைவியின் கைப்பேசியிலும் பார்த்தோம். ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டு ஒதுங்கி நின்றவர், முதல்முறையாக மகளின் வீட்டுப்பாடத்தில் கை வைத்தார்.

இரண்டு மாநிலங்களின் பாடநூல்களை ஒரே கருவியில் அருகருகே வைக்க முடிவதே, பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்குத் தீக்‌ஷாவால் கிடைக்கும் பெரும்பயன் என்பது என் கருத்து. கர்நாடகத்தின் 2015ஆம் ஆண்டுக் கன்னட மொழிக் கற்றல் சட்டத்தின்படி இங்குள்ள பள்ளிகளில் கன்னடம் கட்டாயம்; ஆகவே நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும், வீட்டில் தமிழும் என மூன்று மொழிகளோடு வளர்கிறார்கள். குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையிலும், இயன்றால் எட்டாம் வகுப்பு வரையிலும் வீட்டு மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது 2020 ஜூலை 29 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியக் கல்விக் கொள்கை. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பதும், அதற்கு முன்பே, 2018இல் வந்த புதிய பாடநூல்களிலேயே அம்மாநிலம் க்யூஆர் குறியீடுகளை அச்சிட்டுவிட்டது என்பதும் சேர்த்து நோக்கத்தக்கவை. கொள்கையில் உடன்படாத மாநிலத்தின் உழைப்பு, அக்கொள்கை முன்னிறுத்தும் தளத்தின் வழியே, வேறொரு மாநிலத்துச் சிறுமிக்கு வந்து சேர்கிறது. சீர்திருத்தம் என்று மேடைகளில் பேசப்படுவதைவிட இந்தச் சிறிய இணைப்பு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒன்றிய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டமான நிஷ்டாவின் இணையவழிப் பயிற்சிகள் 2020 அக்டோபர் முதல் தீக்‌ஷாவில் நடந்துவருகின்றன என்றாலும், அவை பள்ளி ஆசிரியர்களை மனத்தில் வைத்து உருவானவை. எங்கள் மிஸ் இந்த வழியைத் தானாகவே கண்டுபிடித்தார். மையம் அதற்காக அவருக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுப்பதாகத் தெரியவில்லை.

குறை, சந்தா கட்டி வாங்கிய அந்தத் தனியார் செயலியில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் வாட்ஸ்ஆப்பில் வந்து சேரும் அறிக்கையில், பின்னங்கள் பகுதியில் என் மகள் 92 விழுக்காடு தேர்ச்சி பெற்றிருப்பதாக ஒருமுறை பச்சை நிறத்தில் போட்டிருந்தது. வீட்டில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். ஐந்தில் இரண்டு என்றாள். மையத்துக்குச் சென்று அருகில் அமர்ந்து பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுகிறாள். சிவப்பு வந்தால் அடுத்ததைத் தொடுகிறாள். பச்சை வந்ததும் அடுத்த கேள்விக்குப் போகிறாள். எத்தனையாவது முயற்சியில் பச்சை வந்தது என்பதை அறிக்கை கணக்கில் கொள்வதே இல்லை. பொறுப்பாளரிடம் சொன்னபோது, “சார், ரிப்போர்ட் சிஸ்டத்திலிருந்து தானாக வருகிறது, நாங்கள் தொட முடியாது” என்றார். இந்த அறிக்கைக்காகவே பல பெற்றோர் இந்த மையத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால் இதைச் சிறு குறையாக ஒதுக்க எனக்கு மனமில்லை.

சேர்க்கைப் படிவமும் கவனத்துக்குரியது. குழந்தையின் ஆதார் எண், புகைப்படம், பெற்றோரின் வருமானம் ஆகியவற்றைக் கேட்கும் அந்தத் தாள், இவை யாரிடம் போகும் என்பதைச் சொல்லவில்லை. கல்விச் செயலிகள் பிள்ளைகளின் தகவல்களைச் சேகரிக்கும் விதம் குறித்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் மனித உரிமை அமைப்பு 2022இல் வெளியிட்ட, 49 நாடுகளை ஆராய்ந்த அறிக்கையில் தீக்‌ஷாவின் பெயரும் அடிபட்டது. ஆகவே அரசுத் தளம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று நான் சொல்லவரவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பதைப் பொதுவிதியாக வைத்திருக்கிறது. ஆதார் எண்ணுக்கான கட்டத்தை நான் வெறுமையாக விட்டேன், சேர்க்கை மறுக்கப்படவில்லை.

மற்றவை சுருக்கமாக: அறை சுத்தமாக இருக்கிறது, காற்றோட்டம் போதாது, ஹெட்போன்கள் பாதிக்கு மேல் ஒரு காதில் மட்டுமே கேட்கின்றன, சொந்தமாக ஒன்றைக் கொடுத்தனுப்புவது நல்லது, கன்னடத்துக்கு வரும் மிஸ் பொறுமைசாலி, ஆனால் வாரத்தில் இரண்டு மாலைகளே வருகிறார்.

ஜூன் மாதச் சேர்க்கைக்கு இங்கே போக எண்ணுபவர்கள் செயலியைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, அறிவியல் மிஸ் எந்த வகுப்புகளை எடுக்கிறார் என்று முதலில் கேளுங்கள். அவருடைய வகுப்பில் இடம் இல்லையென்றால், ஓசூர் போய்த் தமிழ்வழிப் பாடநூல்களை வாங்கி வந்து, கைப்பேசியில் தீக்‌ஷாவை நிறுவி, வீட்டிலேயே தொடங்கிவிடலாம். 1,200 ரூபாய் மிச்சம்.