மாதச் சம்பளமா, நாட்சம்பளமா: யாழ்ப்பாணக் கடை முதலாளிகளுக்கு ஒரு கணக்கு

கஸ்தூரியார் வீதிப் பக்கம் புடவைக்கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் போன வாரம் கேட்டார்: "மாதச் சம்பளம் கட்டுபடியாகுதில்லை. எல்லாரையும் நாட்சம்பளத்துக்கு மாத்தினா என்ன தம்பி?"

அவருடைய தலையிடிக்குக் காரணம் இருக்கிறது. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவானது. 2026 ஜனவரியில் 30,000. நாட்சம்பளம் முதலில் 1,080, பிறகு 1,200. அண்ணை இந்த 1,200ஐத்தான் பிடித்துக்கொண்டார்.

30,000ஐ 1,200ஆல் பிரித்தால் 25 நாள். மாதம் 26 நாள் வருகிற பிள்ளைக்கு நாட்சம்பளம் 31,200 ஆகிவிடும். அதன்மேல் முதலாளி பங்கு ஊழியர் சேமலாப நிதிக்கு 12%, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3%. மாதச் சம்பளக்காரருக்கு மொத்தச் செலவு 34,500. 26 நாள் வந்த நாட்சம்பளக்காரருக்கு 35,880. "நாட்கூலிக்குச் சேமலாப நிதி இல்லைத்தானே" என்பார்கள். பிழை. நாட்கூலி, மாதக்கூலி என்று பார்க்காமல் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும்.

பணிக்கொடையில் வித்தியாசம் இன்னும் தெளிவு. 15 பேர் அல்லது அதற்குமேல் வேலை செய்யும் இடத்தில், 5 வருடம் முடித்துப் போகிறவருக்கு அது உரிமை. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதாவது 15,000. மற்றவருக்கு வருடத்துக்கு 14 நாட் சம்பளம்: 16,800. பத்து வருடம் நின்றவர் என்றால் 18,000 ரூபா கூட. மலிவு என்று நினைத்த வழிதான் கடைசியில் கூடுதலாகக் கேட்கிறது.

சரி, "வேண்டாத நேரம் நிற்பாட்டலாமே" என்றார் அண்ணை. பதினைந்து பேர் அல்லது அதற்குமேல் உள்ள கடையில், 12 மாதத்துக்குள் 180 நாளாவது வேலை செய்தவரை, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஆட்குறைப்புச் செய்ய முடியாது. நாட்சம்பளம் என்று பெயர் வைத்தால் இது மாறாது.

மூன்றாவது யோசனையும் அவரிடம் இருந்தது: அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கி, மீதியைச் சாப்பாட்டுக் காசு, வாழ்க்கைச் செலவுப் படி என்று பிரிப்பது. இது எனக்கு ஒட்டவே பிடிக்கவில்லை. அந்த இரண்டும் சேமலாப நிதிக் கணக்கில் சம்பளமாகத்தான் சேரும். மதியம் கடையில் கொடுக்கிற சோற்றின் பெறுமதியும் அப்படியே. மேலதிக நேரக் காசுதான் சேராது.

நாட்சம்பளத்துக்கு உண்மையான இடம் எதுவென்றால், திருவிழாக் காலம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறியதிலிருந்து கூட்டம் சமாளிக்க எடுக்கிற இரண்டு மூன்று பிள்ளைகள், தீபாவளிக்கு முந்திய கிழமைகள், பொங்கலுக்கு முன். அப்போது வேலை செய்த நாளுக்கு மட்டும் சம்பளம், அதற்குரிய 15%, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சீசனில் 1,200க்கு ஆள் பிடிப்பது வேறு கதை.

அண்ணை கடைசியில் எல்லாரையும் மாதச் சம்பளத்திலேயே விட்டார். நியமனக் கடிதம் மட்டும் இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அடுத்த முறை போகும்போது அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.