டியூப் போட வழியில்லாத வாசலில் கார்: உப்பை இறக்குவது எது?

ராமேஸ்வரத்துக்குப் போகும் வழியில் இருக்கும் மண்டபம் ஊரில், நாங்கள் குடியிருக்கும் தெருவில் கார் வீட்டுக்குள் நுழையாது. வாசலுக்கு வெளியே, சுவரை ஒட்டித்தான் நிற்கும். குழாய் இருப்பது கொல்லைப்பக்கம். அங்கிருந்து வாசல்வரை டியூப் இழுக்க வழியில்லை. இழுத்தாலும் அதில் காவேரித் தண்ணீர் வருகிற நேரம் குடம் பிடிக்கவே பத்தாது. ஆறு வருடமாக டியூப் இல்லாமல்தான் வண்டியைக் கழுவி வருகிறேன். வாளி, மருந்தடிக்கிற டேங்க், அலசத் தேவையில்லாத ஷாம்பு, ஸ்ப்ரே பாட்டில், சர்வீஸ் ஸ்டேஷன் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாயிற்று. உச்சிப்புளி, பாம்பன், தொண்டி, ஏர்வாடி என்று கடலை ஒட்டி வண்டி வைத்திருக்கும் யாருக்கும் இது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கார் கழுவுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பளபளப்பைத்தான் பேசுகிறார்கள். கோயம்புத்தூரில் இருப்பவருக்கு அது போதும். நமக்கு விஷயம் உப்பு. எங்களுக்கு வடக்கே பெண் கடல் என்கிற பாக் விரிகுடா, தெற்கே ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் தெற்குப் பக்கமிருந்து உப்பு ஏறும், வாடை அடிக்கிற மாதங்களில் வடக்குப் பக்கமிருந்து. வருடத்தில் எந்த மாதமும் வண்டிக்கு ஓய்வு கிடையாது. காலையில் பானட் மேல் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். வெறும் தூசியாக இருந்தால் விரல் காய்ந்திருக்கும். இங்கே பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும்.

அந்த ஈரத்துக்குக் காரணம் உண்டு. சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் நீரில் அதோடு மெக்னீசியம் உப்புகளும் இருக்கின்றன. மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். வாலிநோக்கம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: உப்பு விளைந்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீர் அந்த மெக்னீசியம்தான். அதை வடியவிடாவிட்டால் உப்பு எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். நம் வண்டி மேல் விழுவது வடித்த உப்பு இல்லை, எல்லாம் கலந்த கடல் உப்பு. அதனால் மழையே பெய்யாவிட்டாலும் இராத்திரி முழுவதும் தகடு ஈரத்தில் ஊறுகிறது. துரு அங்கேதான் பிடிக்கிறது.

ஆகவே ஒவ்வொரு முறையையும் நான் அளக்கிற கேள்வி இரண்டுதான். உப்பை எவ்வளவு இறக்குகிறது? அதற்கு எவ்வளவு நல்ல தண்ணீர் கேட்கிறது?

வாளியும் துணியும்

எல்லாரும் தொடங்குகிற இடம் இது. அரை வாளித் தண்ணீர், பழைய பனியன் துணி, ஐந்து நிமிடம். தண்ணீர் குறைவுதான், ஆனால் கடற்கரையில் இதைவிடக் கெட்ட முறை இல்லை என்பேன். காற்றோடு வருவது உப்பு மட்டும் இல்லை, நைஸ் மணலும்தான். கார் பெயின்டின் மேல்பூச்சு சுமார் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. மணலை அப்படியே துணியால் இழுத்தால் என்ன ஆகும்? என் வண்டியின் டிரைவர் பக்கக் கதவில் வெயில் சாய்வாக விழும்போது வட்டம் வட்டமாகக் கீறல் தெரியும். முதல் இரண்டு வருடம் நான் தினமும் துடைத்ததன் மிச்சம் அது. உப்பும் போகவில்லை, துணியை முக்கிய வாளிக்குள் கரைந்து, அடுத்த கதவுக்கு அதே உப்புத் தண்ணீர் போனது.

இதையே இரண்டு வாளியாக்கினால் நிலைமை வேறு. ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் துணி அலச வெறும் தண்ணீர். குவளையால் மேலிருந்து மொண்டு ஊற்றி மணலை முதலில் இறக்கிவிட்டு, பிறகு தேய்த்து, மறுபடி குவளையால் அலசல். நன்றாகவே சுத்தமாகும். ஆனால் 40 லிட்டருக்குக் குறைந்து முடிக்க எனக்கு ஒருநாளும் வரவில்லை. 40 லிட்டர் என்பது மூன்று குடம். தண்ணீர் வண்டி தள்ளிக்கொண்டு வரும் அக்கா ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, “என்ன தம்பி, இதுவும் காவேரித் தண்ணிதானா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார். அந்தத் தண்ணீர் திருச்சியிலிருந்து குழாயில் வந்து, அவர் கையால் தள்ளி எங்கள் தெருவுக்கு வருகிறது. அன்றைக்குப் பிறகு அந்த மூன்று குடத்தை என்னால் ஊற்ற முடியவில்லை.

எந்தத் தண்ணீர்?

சரி, நல்ல தண்ணீர் வேண்டாம், போர் தண்ணீரில் கழுவலாமே என்று தோன்றும். அதையும் செய்தேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உவர். நூறு ரூபாய் சொச்சத்துக்கு வாங்கிய டிடிஎஸ் மீட்டரில் (ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) 3,000ஐத் தாண்டிக் காட்டும். குடிநீருக்கு உகந்த அளவு 500 என்பது கணக்கு, கடல் நீர் சுமார் 35,000. கழுவி முடித்த வண்டியில் கால் லிட்டர் தண்ணீர் ஒட்டிக் காய்கிறது என்று வைத்துக்கொண்டால், போர் தண்ணீரில் கழுவும் ஒவ்வொரு தடவையும் முக்கால் கிராம் உப்பை நாமே தடவி விடுகிறோம். கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்பது அதுதான். மீட்டர் இல்லாதவர்கள் பின்கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் காயவிடுங்கள். கெட்டியான வெள்ளை வளையம் நின்றால் அந்தத் தண்ணீர் வண்டிக்கு ஆகாது. முதல் மணலை இறக்க மட்டும் வேண்டுமானால் எடுக்கலாம், கடைசி அலசலுக்குக் கூடாது.

ஆர்ஓ மெஷினின் கழிவு நீரும் இதே வகைதான். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது. வீணாகப் போகிறதே என்று பலர் அதைப் பிடித்துக் கார் கழுவுகிறார்கள். உள்ளே போகிற தண்ணீரைவிட அது உப்பு கூடியது.

பிடிக்க வேண்டியது ஏசித் தண்ணீரை. காற்றிலிருந்து குளிர்ந்து வடிகிறது என்பதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, என் மீட்டரில் 30ஐத் தாண்டியதில்லை. நம் கரையில் காற்றில் ஈரம் அதிகம், அதனால் தண்ணீரும் அதிகம். இராத்திரி ஏசி ஓடினால் காலையில் குழாயடியில் வைத்த வாளி பாதிக்கு மேல் நிற்கிறது. மூடி போட்ட கேனில் சேர்த்து வைக்கிறேன். குடிக்க ஆகாது, வண்டிக்கு அதைவிட நல்ல தண்ணீர் இங்கே கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடி மழைத் தண்ணீர் இருக்கிறது, முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும்.

மருந்தடிக்கிற டேங்க்

இதைக் கண்டுபிடித்தது முதுகுளத்தூரில் மிளகாய் போட்டிருக்கும் என் மச்சான். முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு கையால் அடித்துக்கொண்டே போவார்களே, அந்த 16 லிட்டர் டேங்க். “டியூப் எதுக்கு மாப்ள, இது இருக்கும்போது?” என்றார். கைப்பம்பு வைத்தது 1,500 ரூபாய் வாக்கில் கிடைக்கிறது, பேட்டரி வைத்தது அதைவிடக் கூடும். தயவுசெய்து புதிதாக வாங்குங்கள், மருந்தடித்த டேங்கை எத்தனை தடவை கழுவினாலும் வண்டிக்குக் கொண்டுவரக் கூடாது. கையிலும் பெயின்டிலும் பூச்சிமருந்து படும்.

இது சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கிடையாது. காய்ந்து இறுகிய சேற்றைப் பெயர்க்காது. ஆனால் உப்பைப் பெயர்க்க பிரஷர் தேவையே இல்லை, கரைய நேரம்தான் தேவை. மேலிருந்து கீழாக நனைத்துவிட்டு இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி ஒரு தடவை அடித்தால் உப்பு கரைந்து, மணலையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது. குவளையில் ஊற்றும் தண்ணீரில் பாதி தரையில் விழும், இதில் அந்த வீணடிப்பு இல்லை. நீளமான குச்சிக் குழாய் இருப்பதால் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவுக்குள்ளும் நுழைகிறது. எட்டு லிட்டரில் முழு வண்டியும் நனைந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அலசத் தேவையில்லாத ஷாம்பு

ரின்ஸ்லெஸ் வாஷ் என்று விற்கிறார்கள். பொதுவாக 8 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. நுரை வராது, அதனால் முதலில் வேலை செய்கிறதா என்றே சந்தேகம் வரும். அதில் உள்ள பாலிமர் அழுக்கைச் சுற்றிப் பிடித்து, துணி வழுக்கிப் போக உதவுகிறது. நாலைந்து மைக்ரோஃபைபர் துணியை வாளியிலேயே ஊறப் போட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு துணி என்று எடுத்து, ஒரே திசையில் இழுத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எடுத்த துணியைத் திரும்ப வாளியில் போடாமல் இருப்பதுதான் இதில் முக்கியமான காரியம்.

ஒரு வாளியில் முழு வண்டி. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கலாம். உள்நாட்டில் ஒன்றும் வேண்டாம். இங்கே இதைத் தனியாகச் செய்தால், மணல் மேல் துணி வைக்கிற பழைய தப்பு கொஞ்சம் குறைந்த அளவில் திரும்ப நடக்கும். டேங்கில் ஒரு தடவை அடித்து இறக்கிவிட்டு, பிறகு இதைச் செய்தால் இரண்டும் சேர்ந்து 16 லிட்டர்தான் ஆகிறது. இரண்டு வாளி முறையில் பாதிகூட இல்லை.

தண்ணீரே வேண்டாத ஸ்ப்ரே பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பறவை எச்சம், கண்ணாடியில் கைரேகை, இதற்கு வண்டிக்குள் ஒரு பாட்டில் இருக்கட்டும். கச்சான் அடித்த வண்டியை அதை வைத்துத் துடைக்காதீர்கள்.

சர்வீஸ் ஸ்டேஷன்

வீட்டில் எவ்வளவு கவனமாகக் கழுவினாலும் வண்டியின் அடிப்பக்கம் நம் கைக்கு எட்டாது. துருவுக்கு அதுதான் பிடித்தமான இடம். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைவரை ரோடு 2017இல் திறந்த பிறகு எல்லாரும் சொந்த வண்டியிலேயே போகிறோம். இரண்டு பக்கமும் கடல், காற்று பலமாக இருந்தால் ரோட்டில் தெறித்துக் கிடப்பதே கடல் தண்ணீர்தான். அப்படிப் போய்வந்தால் ரேம்பில் ஏற்றி அடியில் தண்ணீர் அடிப்பதற்கு மாற்று கிடையாது. எங்கள் பக்கம் 500 ரூபாய் வாக்கில் ஆகிறது.

ஆனால் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள். “போர் தண்ணியாண்ணே, லாரித் தண்ணியா?” என்பது முதலாவது. ஓர் இடத்தில் கேட்காமல் விட்டு, திரும்ப எடுக்கும்போது கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி. மேலே தெரிந்தது அது, அடியில் எவ்வளவு உப்பை ஏற்றினார்களோ. இரண்டாவது, அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடிப்பார்களா என்பது. துருப் பிடிக்காது என்று நல்லெண்ணத்தில்தான் அடிக்கிறார்கள், ஆனால் ரப்பர் புஷ்கள் அதில் உப்பி, மெதுத்துப் போகும், மணலும் வந்து அப்பும். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடிப்பக்கத்துக்கு முறையான ஆன்ட்டி ரஸ்ட் கோட்டிங் அடிப்பது வேறு, அது நல்லது. புதிய பாம்பன் பாலத்துக்கே துருப் பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டிருக்கின்றன. நம் வண்டி அதே காற்றில்தான் நிற்கிறது.

இப்போது என் வழக்கம் இது. கச்சான் மாதங்களில் வாரம் ஒருமுறை டேங்க், அதன்பின் ரின்ஸ்லெஸ் வாளி, கடைசியில் கண்ணாடிக்கும் கதவு ஓரங்களுக்கும் ஏசித் தண்ணீர். மற்ற நாட்களில் பத்து நாளைக்கு ஒருமுறை. மாதம் ஒருமுறையும், தனுஷ்கோடி போனால் அன்றைக்கே அல்லது மறுநாளும், லாரித் தண்ணீர் வைத்திருக்கும் ஸ்டேஷனில் அடிப்பக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேக்ஸ். அது இருந்தால் உப்பு அழுத்திப் பிடிக்காமல் டேங்க் தண்ணீருக்கே இறங்கிவிடுகிறது. பேட்டரி முனையில் பூத்திருந்தால் வெந்நீர் விட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பெட்ரோலியம் ஜெல்லி தடவுகிறேன்.

எந்த முறையில் கழுவினாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்: கதவைத் திறந்து அதன் அடி ஓரத்தைத் தடவிப் பாருங்கள், சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் வடிய வைத்தவை. மணல் அடைத்துக்கொண்டால் உப்புத் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கி, உள்ளிருந்து தகட்டைத் தின்னும், வெளியே தெரியும்போது ஓட்டை விழுந்திருக்கும். ஒரு ஈர்க்குச்சி போதும். முதல்முறை நான் குத்தியபோது டிரைவர் கதவிலிருந்து காபி நிறத்தில் அரை டம்ளர் வடிந்தது.

எல்லாம் முடிந்து துடைத்ததும் வண்டியை அப்படியே நிறுத்திவிடக் கூடாது. பிரேக் டிஸ்க்கில் ஒட்டியிருக்கும் ஈரம் இந்தக் காற்றில் விடிவதற்குள் செம்பட்டையாகிவிடும். தெருமுனை டீக்கடைவரை ஓட்டிப் போய், நாலைந்து தடவை பிரேக் பிடித்து, டிஸ்க் சூடேறிக் காய்ந்த பிறகு கொண்டுவந்து நிறுத்துங்கள்.