சென்னைக்குப் பலாலி வழியா, கட்டுநாயக்க வழியா?

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து அது 645 கிலோமீற்றர் வரை வரும். ஆயினும் வானில் கழியும் நேரம் அந்த அளவுக்குப் பாதியாகக் குறைவதில்லை. பலாலியின் ஓடுபாதை குறுகியது என்பதால் அங்கு ஏ.டி.ஆர். 72 போன்ற சுழல்விசிறி விமானங்களே வந்து போகின்றன. அவை மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்க, கொழும்பிலிருந்து புறப்படும் ஜெட் விமானங்கள் 800 கிலோமீற்றரைத் தாண்டுகின்றன. எனவே இரண்டுமே ஒன்றேகால், ஒன்றரை மணிநேரப் பயணங்கள்தாம்.

உண்மையான வேறுபாடு தரையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தவர் கட்டுநாயக்கவை அடைய, ஏ9 வீதியில் இரவுப் பேருந்தேறி, வவுனியா தாண்டித் தூங்கியும் தூங்காமலும் ஏழெட்டு மணிநேரம் இருந்து, பிறகு விமான நிலையத்தில் மேலும் மூன்று மணிநேரம் காத்திருக்க வேண்டும். சுன்னாகத்தாருக்கோ பலாலி அரைமணித் தூரம்.

2019 நவம்பரில் தொடங்கிய பலாலிச் சேவை பெருந்தொற்றினால் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டது. மிளகாய்த்தூளும் ஒடியலும் கட்டிச் செல்பவர்கள், பொதியின் எடை வரம்பை முன்னரே பார்ப்பது நல்லது. சென்னையிலிருந்து உடனடியாக வேறு விமானம் பிடிக்க வேண்டியவருக்கு, நாளில் பல சேவைகளுள்ள கட்டுநாயக்கவே பாதுகாப்பானது. மற்றவர்களுக்குப் பலாலியையே பரிந்துரைப்பேன்.